டொராண்டோ குளிருக்கு ஹீட் பம்ப் தாங்குமா?

கேள்வி: ஸ்கார்பரோவில் பழைய வீடு. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸுக்கு வயதாகிவிட்டது, ஏசியும் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹீட் பம்ப் போடலாமா? மைனஸ் 20 வந்தால் பிள்ளைகள் நடுங்கக் கூடாது.

பதில் 1: போடலாம் அண்ணா. வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை உள்ளே இழுத்து வருகிற இயந்திரம் அது, கோடையில் திருப்பி ஓடி ஏசியாகிவிடும். கடுங்குளிருக்கென்றே செய்த மாடலைக் கேளுங்கள், பல மாடல்கள் மைனஸ் 25 வரை ஓடும், ஆனால் குளிர் கூடக் கூடத் தரும் சூடு குறையும், அதனால் துணைக்கு மின் ஹீட்டரோ கேஸோ இருக்கட்டும்.

பதில் 2: முதலில் அட்டிக் இன்சுலேஷனை, அதாவது கூரைக்கு அடியில் சூடு வெளியேறாமல் தடுக்கிற அடுக்கைப் பாருங்கள். சூடு கூரை வழியே போனால் எதைப் போட்டும் பயனில்லை. அப்புறம், வெளி யூனிட்டைப் பனி மூடாத உயரத்தில் ஸ்டாண்டில் வைக்கச் சொல்லுங்கள்.