புதுப்பிப்பு: கும்பகோணம் கேசட் காட்சி அறை

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் தரைக்கடியில் இருந்த பழைய பொதுக் கழிப்பறையை 2016-இல் பங்க் இசை அருங்காட்சியகமாக்கினார்கள். அதுபோல கும்பகோணத்தில் ஒரு சின்ன அறையில் பழைய கேசட்டுகளைக் காட்சிக்கு வைக்கும் வழியை முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: கண்ணாடிப் பெட்டியை உடனே இறுக மூடச் சொன்னது தவறு.

ஐப்பசி அடைமழையில் மூடினால் ஈரக்காற்றும் உள்ளேயே அடைபடும், பூஞ்சை வரும். பங்குனி வெயில் காலத்தில், பகல் காற்று காய்ந்திருக்கும்போது மூடுங்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பதமானியும் வேண்டும். அளவு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். காவிரிக் கரையோர வீடுகளில் சுவரே ஈரம் கசியும், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

நாடா விளிம்பில் பூஞ்சையின் வெள்ளைப் பொடி தெரிந்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். பொடி, பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். முகக்கவசம் போட்டு, கேசட்டின் ஐந்து திருகுகளையும் கழற்றி, நாடாச் சுருளை வேறு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கும்; அதையும் பாருங்கள். சி-90 (90 நிமிட) நாடா சி-60-ஐவிட (60 நிமிட) மெல்லியது, இழுத்தால் நீண்டுவிடும்.