ஹெதர் புதர்மேல் பறந்த அந்துப்பூச்சி எது?

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலம், ஹெதர் என்னும் குட்டைப் புதர்ச்செடிகள், ஏப்ரல் பிற்பகல். ஆரஞ்சு நிறப் பின்சிறகோடு ஓர் அந்துப்பூச்சி தாறுமாறாகப் பறந்தது. நான்கு சிறகிலும் கண் வட்டம். பட்டப்பகலில் இதற்கு என்ன வேலை?

பதில் 1: எம்பரர் அந்துப்பூச்சி, ஆண். சாம்பல் நிறப் பெண் புதரில் உட்கார்ந்தபடியே வாசனையைக் காற்றில் விடும். அதைத் தேடித்தான் இந்த அலைச்சல். பெண் இரவில் பறந்து முட்டையிடும்.

கேட்டவர்: சரி, பூவில் உட்காரவே இல்லையே?

பதில் 1: வளர்ந்த பூச்சிக்குச் சாப்பாடே கிடையாது. தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான், பெரும்பாலும் ஹெதர் இலை. கோடையில் கறுப்புப் பட்டை போட்ட தடித்த பச்சைப் புழுவைத் தேடுங்கள்.

பதில் 2: எனக்குப் பிடித்தது அதன் கூடு. பழுப்பு நிறம், ஒரு முனையில் விறைத்த இழைகள் மீன்பறி வாய் மாதிரிக் குவிந்திருக்கும். உள்ளிருந்து வெளியே வரலாம், வெளியிலிருந்து எதுவும் எளிதில் நுழையாது. குளிர்காலம் அதற்குள்தான், சில கூட்டுப்புழுக்கள் இரண்டு குளிர்காலம்கூடக் கிடக்கும்.