பக்கத்து வளவு பற்றைக்காடாகக் கிடக்கிறது: கவுன்சில் என்ன செய்யலாம்?

கீழைக்காற்று:
வணக்கம். இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில், வரிசை வீடொன்றில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டோடு ஒட்டிய வீடு பல ஆண்டுகளாக ஆளில்லாமல் கிடக்கிறது. முன் வளவில் பழைய மெத்தைகளும் உடைந்த கதவுகளும் குவிந்திருக்கின்றன. பின் வளவின் முட்பற்றை மதிலைத் தாண்டிவிட்டது, எலிகளும் எங்கள் பக்கம் வரத் தொடங்கிவிட்டன. போதாக்குறைக்கு, அந்த வீட்டின் கூரைப்பீலி உடைந்து, மழைநீர் பொதுச்சுவரில் ஊறி, எங்கள் படுக்கையறையில் பூஞ்சணம் படர்கிறது. இவை அனைத்தையும் விவரித்துக் கவுன்சிலுக்கு எழுதினோம். அது தனியார் சொத்து என்பதால் தலையிட முடியாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் பதில் சரிதானா?

படலை:
சரியல்ல. 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 215ஆம் பிரிவு தனியார் நிலங்களுக்காகவே எழுதப்பட்டது. ஒரு வளவோ கட்டடமோ இருக்கும் நிலை சுற்றுவட்டாரத்தின் தோற்றத்தையும் சூழலையும் கெடுக்கிறது என்று கவுன்சில் கருதினால், குப்பையை அகற்று, பற்றையை வெட்டு, யன்னலைத் திருத்து, சுவருக்கு வர்ணம் பூசு என்றெல்லாம் குறிப்பிட்டு, அவற்றைச் செய்து முடிப்பதற்கான காலத்தையும் விதித்து, உரிமையாளருக்கு அறிவித்தல் வழங்கலாம். வழங்கி குறைந்தது 28 நாட்கள் சென்ற பின்னரே அது நடைமுறைக்கு வரும். அதன் பின்னரும் விதித்த காலத்துக்குள் பணிகளைச் செய்யாமல் விடுவது குற்றம். 219ஆம் பிரிவின்படி கவுன்சிலே ஆட்களை அனுப்பி வேலையைச் செய்வித்து, செலவை உரிமையாளரிடம் அறவிடவும் முடியும். கடலோர நகரான ஹேஸ்டிங்ஸின் கவுன்சில் இந்தப் பிரிவை விடாமல் பயன்படுத்திப் பெயர் பெற்றது.

ஆனால் சட்டம் "வழங்கலாம்" என்றுதான் சொல்கிறது, "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. வேலையைச் செய்விக்க முதலில் கவுன்சில் தன் பணத்தைச் செலவிட வேண்டும். உரிமையாளரிடம் கையில் பணம் இல்லையென்றால் அது திரும்பி வர நெடுங்காலம் ஆகலாம். பல கவுன்சில்களின் தயக்கத்துக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

ஈரச்சுவர்:
படலை சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் கவுன்சிலின் திட்டமிடல் அலுவலகப் பிரிவிலிருந்து தொடங்க மாட்டேன். உங்கள் முறைப்பாட்டில் எலியும் பூஞ்சணமும் இருக்கின்றன. அவை கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு உரியவை. 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன் எல்லைக்குள் வாழும் ஒருவர் இத்தகைய முறைப்பாடு செய்தால், அதை விசாரிக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை. ஒரு கட்டடத்தின் நிலை உடல்நலத்துக்குக் கேடானது அல்லது அயலாருக்குத் தொல்லையானது என்று கவுன்சில் உறுதிப்படுத்திக்கொண்டால், அதைத் தடுக்கும் அறிவித்தலை வழங்கியே ஆகவேண்டும். இங்கே "லாம்" கிடையாது. எலிகளுக்கென்றே 1949ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றும் உண்டு; அதன் கீழ் நிலத்தின் உரிமையாளரை எலிகளை ஒழிக்கும்படி பணிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால், அது ஒரே மேசைக்குப் போகும்; அந்த மேசைக்காரர் தனக்குரியதல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். ஆகவே சுகாதாரப் பிரிவுக்குத் தனிக் கடிதம், திட்டமிடல் பிரிவுக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். முதலாவதில் சுவர் திருத்தும் செலவைப் பற்றி எழுதாதீர்கள். அது உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான வழக்கு. யார் அந்த அறையில் உறங்குகிறார், பூஞ்சணம் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது, எலிகளை எங்கே கண்டீர்கள் என்பவற்றைத் திகதியிட்ட படங்களோடு எழுதுங்கள். கவுன்சில் அசையாவிட்டால், அதே சட்டத்தின் 82ஆம் பிரிவின் கீழ் நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

பழைய சாவி:
ஒரு வீடு வெறுமையாகக் கிடப்பது மட்டும் குற்றமல்ல என்பதை மறக்க வேண்டாம். உரிமையாளர் இறந்திருக்கலாம், வாரிசுகள் சொத்துப் பிரிப்பில் சிக்கியிருக்கலாம், முதியோர் இல்லத்தில் ஒருவர் தனியாக இருக்கலாம். காணிப் பதிவகத்தில் சிறு கட்டணத்துக்கு உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் பெறலாம். மரியாதையான ஒரு கடிதம் சில வேளைகளில் கவுன்சிலை விட விரைவாக வேலை செய்யும்.

கவுன்சிலிடம் வேறு நெம்புகோல்களும் உண்டு. நீண்ட காலம் வெறுமையாக உள்ள வீட்டுக்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்கலாம். பத்து ஆண்டுகளைத் தாண்டினால் நான்கு மடங்கு வரை அறவிடலாம். குறைந்தது 2 ஆண்டுகள் வெறுமையாக இருந்த வீட்டின் நிர்வாகத்தைத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு கவுன்சில் தற்காலிகமாக ஏற்கவும் வழியுண்டு, ஆனால் அது அரிதாகவே நடக்கிறது. கூரையோ சுவரோ விழும் நிலைக்கு வந்தால் 1984ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் வேறு. அவசர ஆபத்தென்றால் நீதிமன்றத்துக்குப் போகாமலே கவுன்சில் தலையிடலாம்.

கீழைக்காற்று:
மிக்க நன்றி. இரண்டு கடிதங்களையும் தயார் செய்கிறேன். இன்னொரு சந்தேகம்: 215ஆம் பிரிவின் அறிவித்தலை உரிமையாளர் எதிர்த்தால் எல்லாம் நின்றுவிடுமா?

படலை:
ஆம், மேன்முறையீடு முடியும்வரை அறிவித்தலுக்கு வலு இல்லை. அது நடைமுறைக்கு வருமுன்பே நீதவான் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். கேட்ட வேலை தேவைக்கு மிஞ்சியது, கொடுத்த காலம் போதாது என்பவையும் அதற்கான காரணங்களில் அடங்கும். அதனால் உங்கள் கடிதத்தில் வீட்டைப் புதிதாக்கக் கேட்காமல், மெத்தைகள், முட்பற்றை, பீலி என்று கண்ணுக்குத் தெரியும் குறைகளை மட்டும் எழுதுங்கள். உத்தியோகத்தர் அந்தப் பட்டியலை அப்படியே அறிவித்தலில் சேர்த்தால் எதிர்தரப்புக்கு வாதாட இடம் குறையும். சுகாதாரப் பிரிவின் அறிவித்தலுக்கு மேன்முறையீட்டு விதிகள் வேறு என்பதால், அதை இதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.