ரீமேப் செய்த போலோவில் நாக்கிங்: பெட்ரோலா, கார்பனா?

வண்டி 2018 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 டர்போ, 64,000 கி.மீ. ஊர் கோவை. போன வருஷம் வெளியே ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதுவும் மாற்றாமல், பவர் கூட எஞ்சின் கம்ப்யூட்டர் புரோகிராமை மட்டும் மாற்றுவது) செய்தேன். 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலுக்கு எழுதிய மேப். மூன்று மாதமாக மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால், மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம் பக்கம் 'கடகட'வென்று நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்கில்லாமல் வெடிக்கும் சத்தம்). வெயிலில் ஏசி போட்டால் இன்னும் மோசம்.

பிளக், காயில் புதிது. மூன்று பங்க் மாற்றிப் பார்த்தாயிற்று. ஸ்கேனரில் எரர் கோடு இல்லை. ஆனால் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) 6 டிகிரி வரை பின்னால் போகிறது. 100 ஆக்டேன் போட்டால் சத்தம் அடங்குகிறது. லிட்டர் 160 ரூபாய்க்கு மேல், தினமும் கட்டுப்படியாகாது!

இதே எஞ்சின் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: முதலில் வால்வில் படிந்திருக்கக்கூடிய கார்பன் கரியைச் சுத்தம் செய்யலாமா, இல்லை மேப்பைப் பழையபடி ஸ்டாக்குக்கே மாற்றிவிடலாமா?