உதவி தேவை: காரைதீவில் பிறந்த பூட்டனாரின் பதிவு கிடைக்கவில்லை

கிள்ளான்வாசி:
வணக்கம், அவசரம். என் பூட்டனார் இலங்கையில் காரைதீவில் பிறந்தவர். மலாயாவுக்கு வந்து ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறப்புப் பதிவு கேட்டுக் கிழக்கு மாகாணத்துக்கு இரண்டு முறை எழுதினேன். அப்படி ஒருவர் இல்லை என்றே பதில் வருகிறது. அடுத்த மாதம் அப்பாவுக்கு 80 வயது, அதற்குள் தெரிய வேண்டும். வேறு எங்கே தேடலாம்?

பனங்காய்:
பெயர்? பிறந்த ஆண்டு? சைவமா, வேதமா? வேதக்காரர் என்றால் கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். ஒன்றுமே சொல்லாமல் எங்கே தேடலாம் என்றால் கடலில்தான் தேட வேண்டும்.

தோம்புப்பித்தன்:
ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துத் தோம்பை, அதாவது பழைய பதிவேட்டைப் பாருங்கள். காணி, குடும்பம் எல்லாம் அதில் உண்டு.

பனங்காய்:
யார் எதைக் கேட்டாலும் உங்களுக்குத் தோம்புதான். 1795இல் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனவர்கள் ரயில்வேக்காரரின் பெயரை எப்படி எழுதியிருப்பார்கள்?

சோளகம்:
1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எல்லாம் எரிந்துவிட்டது. வீண் அலைச்சல்.

பனங்காய்:
எரிந்தவை நூல்களும் ஏடுகளும். பிறப்புப் பதிவேட்டை நூலகத்திலா வைத்திருந்தார்கள்?

பழைய விதானை:
தம்பி, தேடுவதற்கு முன் கொஞ்சம் படிக்க வேண்டும். கிழக்கில் உள்ள காரைதீவு விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். வடக்கில் யாழ்ப்பாணத்திலும் ஒரு காரைதீவு இருந்தது. இரண்டும் குழம்புகின்றன என்று 1920களில் வடக்கில் உள்ளதைக் காரைநகர் ஆக்கினார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். உங்கள் பூட்டனார் எந்தக் காரைதீவு என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

கிள்ளான்வாசி:
மன்னிக்கவும் ஐயா. கையில் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். பின்பக்கம் மையால் 'ஆ. வேலுப்பிள்ளை, களபூமி, காரைதீவு' என்று எழுதியிருக்கிறது. 'களபூமி' பாதி கரைந்துவிட்டது. வயலின் பெயராக்கும் என்று விட்டுவிட்டேன். சைவம்தான். 1937இல் 55 வயதில் ஓய்வு பெற்றார். பெயர் ஆறுமுகம், குடும்பப் பெயர் வேலுப்பிள்ளை என்று எழுதித்தான் கேட்டேன்.

காரைமகள்:
அது வயல் இல்லை தம்பி, காரைநகரில் ஒரு குறிச்சி, ஊரின் ஒரு பகுதி. என் அம்மம்மா பிறந்ததும் களபூமியில்தான். 'ஆ' என்பது அவருடைய தகப்பனாரின் பெயர். தகப்பனைப் பிள்ளையாக்கி, ஊரையும் மாற்றிக் கேட்டால் யார் எடுத்துத் தருவார்கள்? 1882 வாக்கில் வேலுப்பிள்ளை, தகப்பன் ஆறுமுகம் என்று யாழ்ப்பாணத்துக்கு எழுதுங்கள். பூட்டியும் ஊர்ப் பெண் என்றால் சீதன உறுதி, அதாவது சீதனக் காணியை எழுதிக் கொடுத்த பத்திரம், இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். கொடுத்தவர், பெண், மாப்பிள்ளை, காணியின் நாலு எல்லை, எல்லைக்காரர் எல்லாம் அதில் வரும். எல்லைக்காரர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார்.

சோளகம்:
காரைநகர் தீவே இல்லை. பொன்னாலைப் பாலத்தால் பஸ் போகிறது.

தோம்புப்பித்தன்:
ஒல்லாந்தர் அதற்கு ஆம்ஸ்டர்டாம் என்று தீவுப் பெயரே வைத்தார்கள். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், நயினாதீவுக்கு ஹார்லெம்.

காரைமகள்:
புங்குடுதீவுக்கும்தான் பாலம் இருக்கிறது. போய் அங்கே சொல்லிப் பாருங்கள், தீவு இல்லை என்று!

பழைய விதானை:
பாலம் மனிதர் போட்டது, கடல் கடவுள் போட்டது. காகம் பறக்காத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை என்பார்கள். தீவான் என்றுதானே சொல்கிறார்கள்?

சோளகம்:
பழமொழி சட்டம் ஆகாது ஐயா.

(பதினோரு நாள் கழித்து)

கிள்ளான்வாசி:
அக்கா, உறுதி அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. மேற்கு எல்லைக்காரர் ஆறுமுகம் வேலுப்பிள்ளை. மாப்பிள்ளையும் அவரேதான். நன்றி, யாழ்ப்பாணத்துக்கு எழுதிவிட்டேன்.

பனங்காய்:
பக்கத்து வளவிலேயே பெண் எடுத்திருக்கிறார். கிழக்கு எல்லையில் யார்?

தோம்புப்பித்தன்:
அந்தக் காணியின் பெயரைச் சொல்லுங்கள், தோம்பில் பார்க்கலாம்.