புதுப்பிப்பு: பெரியம்மாவை இல்லத்தில் சேர்ப்பது பற்றி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கும் பெரியம்மாவை முதியோர் இல்லத்தில் எப்போது சேர்க்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவெடுத்துவிட்டோம். வயதை வைத்து அல்ல. சர்க்கரை மாத்திரையைப் போட்டது மறந்து மறுபடி போட்டிருக்கிறார். சர்க்கரை இறங்கி இரவில் மயங்கினால் பார்க்க ஆளில்லை. அதைவிட, குளியலறையில் விழுந்ததை மறைத்ததுதான் மனதை அறுக்கிறது. "சொன்னா வீட்டைப் பூட்டிடுவீங்கன்னு பயந்தேன்டா" என்றார். விழுந்ததை மறைக்கத் தொடங்கிவிட்டால் அதற்குமேல் தள்ளிப்போடக் கூடாது என்பேன்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஓர் இல்லம் பார்த்தோம். இரவிலும் செவிலியர் உண்டு, ஜிப்மர் மருத்துவமனையும் பக்கம். முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். வீடு அவர் பெயரில் அப்படியே இருக்கும், சாவியும் அவரிடமே. இதைச் சொன்ன பிறகுதான் பெரியம்மா சரி என்றார்.

அப்புறம், இதே குழப்பத்தில் இருப்பவர்கள் 14567 முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை.