சோசியாலஜியும் கூட ரெண்டு மொழியும் படிச்சா சமூக சேவைக்கு உதவுமா?

தேரிக்காட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடிச்சிருக்கேன், ஊரு தூத்துக்குடி மாவட்டம். 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. அப்ப எங்க சர்ச் ஸ்கூல்ல தங்க வச்சவங்கள்ல கட்டட வேலைக்கு வந்த வடநாட்டு ஆளுங்க ஏழெட்டு பேரு இருந்தாங்க, கைக்குழந்தையோட ஒரு அக்கா என்னமோ கேட்டுக்கிட்டே இருந்தாங்க, பால் குடுத்தோம் பிரெட் குடுத்தோம் தலையை தலையை ஆட்டுறாங்க, கடைசில பாத்தா புட்டிய கழுவ வெந்நீர் கேட்டிருக்காங்க! அதுல இருந்து எனக்கு சோசியாலஜி படிக்கணும், கூட மொழி ஏதாவது உருப்படியா கத்துக்கணும்னு. சென்னைல ஸ்டெல்லா மேரிஸ் மாதிரி கிறிஸ்தவ காலேஜ்ல சேரலாம்னு ஆசை. இப்படிப்பட்டவங்களுக்கு உதவுறதும் ஊழியம்தான்னு சொன்னா வீட்ல பைபிள் காலேஜானு கேக்குறாங்க, சித்தப்பா பி.காம்னு ஒத்தக்கால்ல நிக்காரு. இது சரியா வருமா?

பனியன்சிட்டி_அக்கா:
வரும்மா. நான் திருப்பூர்ல வெளிமாநில தொழிலாளர்களோட பத்து வருஷமா வேலை பாக்குறேன், நான் படிச்சதும் சோசியாலஜிதான். ஒன்னு சொல்றேன். ஒரு தடவ பீகார் பையன் ஒருத்தன ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருந்தாங்க, நான் போய் சேர லேட். அவன் "சக்கர், சக்கர்"னு சொல்லியிருக்கான், அங்க இருந்தவங்க சர்க்கரைன்னு எடுத்துக்கிட்டு சுகர் டெஸ்ட் எடுத்து நார்மல்னு வெளிய உக்கார வச்சிட்டாங்க. ஹிந்தில சக்கர்னா தலைசுத்தல். ஒன்றரை ஷிஃப்ட் முடிச்சிட்டு சாப்பிடாம வந்தவன், பெஞ்சுலயே சரிஞ்சு விழுந்தான். மொழி இதுக்குத்தான் வேணும்.

காலேஜ்ல பார்ட் ஒன் மொழின்னு ஒன்னு எடுக்கணும்ல, அதுல ஸ்கோரிங்னு சொல்லி பாதி பேரு பிரெஞ்சு எடுப்பாங்க. மார்க் வரும், வாய் வராது. யாரோட வேலை செய்யப்போறியோ அவங்க மொழிய எடு. அதுவும் புக்ல வர்ற ஹிந்தி வேற, லைன் வீட்டுல பேசுற போஜ்புரி வேற, அங்க போய் உக்காந்தாதான் காது பழகும். சோசியாலஜி எங்க உதவுச்சுன்னா, இவன் ஏன் இந்த காண்ட்ராக்டர விட்டு போக மாட்டேங்கிறான்னு கேக்க சொல்லிக்குடுத்துச்சு. பாத்தா ஊர்லயே முன்பணம் வாங்கிட்டு வந்திருப்பான். 1979லயே வெளிமாநில தொழிலாளர்களுக்குன்னு சட்டம் போட்டாங்க, ஆனா அதுல தனக்கு என்ன இருந்துச்சுன்னு அவன் மொழில சொல்றதுக்கு ஆள் இல்லாமயே போச்சு.

கடுப்புமாமா:
எல்லாம் சரி, சோத்துக்கு என்ன பண்ணுவ? வெறும் பி.ஏ. வச்சிக்கிட்டு என்ஜிஓல சேந்தா ஆரம்ப சம்பளம் ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்குமே சரியா போகும், எனக்கு அப்படித்தான் போச்சு. வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ லைசென்ஸ் கேன்சல் ஆனா அந்த பணம் நிக்கும், மறுமாசம் புராஜெக்ட்டே இருக்காது. படிக்காதன்னு சொல்லல, பி.ஏ.வோட நிக்காத, எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடி, அதுல ஃபீல்டு ஒர்க் கட்டாயம், வேலையும் அதுக்குத்தான் கேப்பாங்க. யுபிஎஸ்சில சோசியாலஜி ஆப்ஷனல் இருக்குன்னு சித்தப்பா காதுல போட்டு வை, மனுசன் கொஞ்சம் அடங்குவாரு.

ரிட்டயர்டுவாத்தி:
நான் இந்து, கிறிஸ்தவ கல்லூரி ஒன்னுல முப்பது வருஷம் பாடம் எடுத்தவன். அரசு உதவி வாங்குற காலேஜ்ல சம்மதம் இல்லாம யாரையும் மத போதனைல உக்கார வைக்க முடியாது, அரசியல் சட்டம் 28வது பிரிவு. எங்க காலேஜ்ல கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்கு வேதபாடம், மத்தவங்களுக்கு வேல்யூ எஜுகேஷன். அப்ளை பண்றப்ப எய்டடா செல்ஃப் ஃபைனான்ஸானு பாத்துக்கோங்க, ஃபீஸ்ல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

உங்க பக்கத்து ஊர் கதை ஒன்னு. இடையன்குடி கால்டுவெல்லை திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினவர்னு எல்லாருக்கும் தெரியும், அது 1856. அதுக்கு முன்ன 1849ல அவரே நாடார் சமூகத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதி, யாருக்காக ஊழியம் பண்ண வந்தாரோ அந்த ஜனங்களையே புண்படுத்திட்டாரு. அவ்ளோ தமிழ் தெரிஞ்ச மனுசன்! ஜனங்க மத்தியில இருந்துக்கிட்டே மேல இருந்து பாத்து எழுதினா அப்படித்தான் ஆகும், ஃபீல்டு ரிப்போர்ட் எழுதுறப்பல்லாம் என் பிள்ளைங்களுக்கு இத சொல்லித்தான் அனுப்புவேன்.

தேரிக்காட்டுப்பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். சக்கர் கதைய அப்பாகிட்ட சொன்னேன், சிரிச்சாரு, அப்புறம் ரொம்ப நேரம் பேசல, ராத்திரி அவரே அப்ளிகேஷன் எப்ப கடைசி தேதின்னு கேட்டாரு. சித்தப்பா இன்னும் பி.காம்தான். அக்கா, ஒடியால தலைசுத்துதுன்னு எப்படி சொல்வாங்க? எங்க ஊர்ல இருந்தவங்க ஒடிசான்னுதான் பின்னாடி தெரிஞ்சுது.

பனியன்சிட்டி_அக்கா:
"முண்டொ புலாஉச்சி". முண்டொன்னா தலை. நம்ம ஊர்ல தலை இல்லாததுக்குத்தான் முண்டம்னு பேரு, நான் மொத தடவ கேட்டப்ப என்னைத்தான் திட்டுறாங்கன்னு நினைச்சேன் 😄